சுவர்க் கட்டில் விழுந்தது: பூட்டியது யாருடைய வேலை?

கேள்வி: கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகனின் அறை மிகச் சிறியது. படிப்பதற்கும் இடம் வேண்டும் என்பதால், பகலில் சுவரோடு நிமிர்த்தி வைக்கும் மடிப்புக் கட்டில் ஒன்றை 185,000 ரூபாவுக்கு வாங்கினோம். கடைக்காரரே இருவரை அனுப்பிப் பூட்டுவித்தார். அவர்களுக்கு 4,000 ரூபா கையில் கொடுத்தோம். வாங்கிய பத்தாவது வாரம் கட்டில் சுவரிலிருந்து பெயர்ந்து மகனின் தோளில் விழுந்தது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. "உங்கள் சுவர்தான் பிழை" என்கிறார் கடைக்காரர். அவருடைய மனைவி தொலைபேசியில் வாய்க்கு வந்தபடி ஏசினார். இப்போது கட்டிலை எடுத்துக்கொண்டு 120,000 ரூபா தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரரோ மாத முடிவுக்குள் ஓட்டைகளை அடைத்துப் பெயின்ற் அடிக்கச் சொல்கிறார். மனம் ஆறவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: மகன் தப்பியது பெரிய ஆறுதல். மனைவி ஏசியதும் வீட்டுக்காரர் நெருக்குவதும் வழக்கில் ஒரு வரிக்கும் உதவாது. பொலிஸுக்கும் போக வேண்டாம். இது குடியியல் விவகாரம். நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டிலைச் சுவரில் பூட்டியது கடைக்காரரின் வேலை.

கட்டிலின் பக்கத்தில் இருக்கும் கேஸ் பிஸ்டன் (வாயு அடைத்த தண்டு) பாரத்தைத் தூக்கத்தான் உதவும். நிமிர்ந்து நிற்கும் கட்டில் முன்னால் சரியாமல் பிடித்து வைப்பது சுவருக்குள் போன ஆணிதான். 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 129,000 சுவர்க் கட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். சரியாகப் பூட்டாவிட்டால் சுவரிலிருந்து கழன்று விழும் என்பதே காரணம்; ஒரு மூதாட்டியின் உயிரும் போயிருந்தது. ஆகவே பூட்டும் வேலையைக் கடைக்காரர் ஏற்றிருந்தால், "சுவர் பிழை" என்ற பேச்சு அவருக்கே எதிராகத் திரும்பும். துளை போட்டவர்கள் அவருடைய ஆட்கள். உள்ளே இருப்பது பொள்ளல் சீமெந்துக் கல்லா, பழைய சுண்ணாம்புச் சாந்தா என்பது துளைப்பவன் கைக்கு உடனே தெரியும். சேவையை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம்.

உங்கள் பலவீனம் அந்த 4,000 ரூபா. பற்றுச்சீட்டில் கட்டில் மட்டும் இருந்தால், "அவர்களைக் கூப்பிட்டது இவர்கள், கூலி கொடுத்ததும் இவர்கள்" என்று நாளை சொல்வார். ஆள் அனுப்புகிறேன் என்று அவர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதுதான் உங்கள் வழக்கு. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி அது சான்றாக ஏற்கப்படும். அந்தக் கைத்தொலைபேசியை விற்கவோ, உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.

இனி நான் பயப்படும் இடம். வீட்டுக்காரர் சொன்னதற்காக மேசனைக் கூப்பிட்டுவிடாதீர்கள்! நல்ல வழக்கோடு வருகிறவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். சுவரைப் பூசி, பெயின்ற் அடித்து, கழன்ற ஆணிகளைக் குப்பையில் போட்ட பிறகு ஆவேசத்தோடு வருவார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு ஓட்டையையும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். ஆணியோடு வெளியே வந்த பிளாஸ்டிக் செருகிகளை, ஒட்டியிருக்கும் தூளைத் தட்டாமல், பையில் போட்டுத் திகதி எழுதி வையுங்கள். பாரமான கட்டிலுக்கு ஒரு அங்குலச் செருகி போட்டிருந்தால், அதைப் பார்த்தாலே மற்றதை ஊகிக்கலாம். தெரிந்த கட்டடப் பொறியியலாளர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். குறித்த நாளுக்குள் வந்து பார்க்கும்படி கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, அந்த நாள் கழிந்த பிறகே அடையுங்கள். அதுவரை வீட்டுக்காரரிடம் தவணை கேளுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். பலர் பொருள் பழுதான நாளிலிருந்து எண்ணிக் கோட்டை விடுகிறார்கள். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இருக்காது. சமரசப் பேச்சு நடக்கிறது என்று காத்திருக்காமல் இந்த வாரமே கொடுங்கள். முகநூலில் கடைக்காரரின் படத்தைப் போட்டு எழுதும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். அவதூறு வழக்கில் நீங்கள் எதிராளியாக நிற்க நேரும்.

வழக்கா? வேண்டாம். இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், அங்கே இணங்காவிட்டால் சான்றிதழ் பெற்று, அதன் பிறகுதான் நீதிமன்றம். நீங்கள் கொடுத்த விலைக்கும் அவர் தருவதாகச் சொல்வதற்கும் வித்தியாசம் 65,000 ரூபா. என்னைப் போன்ற சட்டத்தரணி ஒருவருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணமே அதை விழுங்கிவிடும். சுவர் திருத்தும் செலவைச் சேர்த்துக் கேளுங்கள். அவர் 120,000இல் நின்றாலும் வாங்குங்கள்.

ஆனால் பணம் கைக்கு வந்த பிறகே கட்டில் வாசலைத் தாண்ட வேண்டும். "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வாசகத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். கட்டிலின் விலைக்காக மட்டும் என்று எழுதுவியுங்கள். மகனின் தோளில் பின்னர் ஏதாவது தெரிந்தால், அந்தப் பொது வாசகம் அவனுக்கான நட்டஈட்டை முடக்கப் பார்க்கும். கடைக்காரர் அந்த வாசகம் வேண்டும் என்று அடம்பிடித்தால், மகனை எலும்பு வைத்திய நிபுணரிடம் இன்னொரு முறை காட்டி, தோளில் பழுதில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு சட்டத்தரணி ஒருவரைப் பார்த்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.