எங்கே நின்றுகொண்டு தேடியது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், கட்டளை அடிக்கும் டெர்மினலில் நன்றாக ஓடுகிறது. அதையே, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் கிளப்பினால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று விழுந்துவிடுகிறது. செட்டிங்ஸ் ஃபைல் ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. கடைசியில் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் அதன் பிரதி ஒன்றைப் போட்டேன், ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா? வேறு மொழிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

க.

அன்புள்ள க.,

தீராது. எந்த மொழியில் எழுதினாலும் இதே பள்ளத்தில்தான் விழுவீர்கள்.

சிஸ்டம்32-க்குள் பிரதி போட்டதைப் படித்ததும் கோபம் வந்தது. பொறுமையாகக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு அந்தப் பொறுமை அங்கே எங்கே போயிற்று? நாளைக்கு ஒரு பிரதியைத் திருத்துவீர்கள். ஸ்கிரிப்ட் மற்றதைப் படிக்கும். அப்போது பிழைச்செய்தியும் வராது.

ஆனால் தவறு உங்களுடையது மட்டும் அல்ல. ஒருவரைத் தேடப் போனவன் "ஆளைக் காணோம்" என்று திரும்பி வந்தால் நாம் என்ன கேட்போம்? "எங்கே போய்ப் பார்த்தாய்?" இந்தப் பிழைச்செய்திகள் பெரும்பாலும் அதை மட்டும் சொல்வதில்லை. நீங்கள் கொடுத்த பெயரையே உங்களிடம் திருப்பி நீட்டுகின்றன. தேடிய முழுப் பாதையை அச்சிட ஒரு வரி போதும். பல வருடங்களாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நீங்களும் நாளை பிழைச்செய்தி எழுதும் இடத்துக்கு வருவீர்கள், அப்போதாவது செய்யுங்கள்.

வெறும் பெயரைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்கு ப்ராசஸ் என்று பெயர்; அது நிற்கும் ஃபோல்டர், அதாவது அதன் வொர்க்கிங் டைரக்டரி, எதுவோ அங்கேதான் தேடல். கிளப்பிய ப்ரோக்ராம் வேறு இடம் சொல்லாவிட்டால், அது நின்ற இடமே அது கிளப்பிய பிள்ளை ப்ராசஸுக்கும். டெர்மினலில் நீங்கள் முன்பே அந்த ஃபோல்டருக்குப் போயிருந்தீர்கள், அதனால் ஓடியது. டாஸ்க் ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு கட்டம் உண்டு. பக்கத்திலேயே 'ஆப்ஷனல்' என்று எழுதி நம்மை ஏமாற்றுவார்கள். காலியாக விட்டால் பெரும்பாலும் சிஸ்டம்32-இல் போய் நிற்கும். லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் க்ரான் என்றால் பயனரின் ஹோம் ஃபோல்டர். பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் என்றால் வழக்கமாக எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் டைரக்டரி.

பெரியவர்களும் இதில் தடுக்கியிருக்கிறார்கள். யூனிக்ஸ் இயக்க முறைமையின் ஆரம்ப நாட்களில், பிள்ளை ப்ராசஸைப் பிறப்பிக்கும் ஃபோர்க் என்ற வசதி வந்ததும், டைரக்டரி மாற்றும் கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லையாம். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி எழுதியிருக்கிறார். கட்டளையை ஓட்டப் பிறந்த பிள்ளை ஒழுங்காகத் தன் இடத்தை மாற்றிக்கொண்டது, உடனே முடிந்தும் போனது. நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகுதான் அந்தக் கட்டளையை ஷெல்லுக்குள்ளேயே வைத்தார்கள். இன்று நாம் டைரக்டரி மாற்ற அடிக்கும் 'சிடி'யும் அப்படித்தான்.

என் கதை இதைவிட மோசம். ஒருமுறை என் ப்ரோக்ராமை வேறொன்றின் மூலம் கிளப்பினேன். பிழையே வரவில்லை. திரையில் பதிவுகள் பூஜ்யம். பதிவுகளை ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்கியூலைட்டுக்கு அந்த ஃபைலின் வெறும் பெயரைக் கொடுத்திருந்தேன். ஃபைல் இல்லையென்றால் அது சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். 'டேபிள் இல்லையென்றால் உருவாக்கு' என்று நானே எழுதியிருந்தேன், அதையும் கடமையாகச் செய்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்று விடியும்வரை பேக்கப் தேடினேன். பழைய ஃபைல் பக்கத்து ஃபோல்டரில் அலுங்காமல் இருந்தது. உங்கள் ஸ்கிரிப்ட் விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம். படிக்கப் போனால் விழும். எழுதப் போனால் எங்கேயோ எழுதிவிட்டுச் சிரிக்கும்.

சரி, உங்கள் விஷயம். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக, தான் நிற்கும் இடத்தை ஒரு லாகில், அதாவது குறிப்பு ஃபைலில், எழுதட்டும். அந்த லாகுக்கு முழுப் பாதை கொடுங்கள், இல்லையென்றால் லாகைத் தேடி இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். 'ஸ்டார்ட் இன்' கட்டத்தை நிரப்பினால் இன்றைக்கு ஓடும். ஆனால் அடுத்து யார் கிளப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து, பைத்தானோடு வரும் பாத்லிப் கொண்டு முழுப் பாதையைக் கட்டிக்கொள்வதுதான் என் வழக்கம்.

அப்புறம் சிஸ்டம்32-இல் இருக்கும் பிரதியை அழியுங்கள். அழிக்கும்முன் இரண்டின் தேதியையும் பாருங்கள். கடைசியாக எதைத் திருத்தினீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது.