குப்த கோதாவரி குகைக்குள் வயதானவர்கள் போக முடியுமா?

சித்திரகூடம் போகும்போது அம்மாவைக் குப்த கோதாவரிக்கும் அழைத்துப் போகலாமா, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே இருப்பவை இரண்டு குகைகள். முதலாவதில் பெரிய சிரமம் இல்லை. இரண்டாவது, அம்மாவின் முழங்காலைப் பொறுத்தது.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மந்தாகினி ஆற்றங்கரையில் உள்ள ராம்காட் படித்துறையில் எந்த ஆட்டோக்காரரிடம் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். 18, 19 கிலோமீட்டர் இருக்கும். ராம்காட் உத்தரப் பிரதேசம், குகை மத்தியப் பிரதேசத்தின் சத்னா மாவட்டம்.

முதல் குகையின் வாசல் ஒருவர் உடம்பை ஒடுக்கி நுழையும் அளவுதான். உள்ளே போனால் கூரை உயர்ந்து, மண்டபம்போல விரிகிறது. சீதையின் துணியைத் திருடிய அசுரன் கல்லாகித் தொங்குகிறான் என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். அண்ணாந்து பார்த்தேன், எனக்குப் பாறைதான் தெரிந்தது.

இரண்டாவது குகைக்காகத்தான் அவ்வளவு தூரம் போகவேண்டும். நீளமான, குறுகலான பாதை. தரை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, சில இடங்களில் முழங்கால் வரை. விளக்கு போட்டிருக்கிறார்கள், ஆனாலும் பாறை வழுக்கும். ராமனும் லட்சுமணனும் சபை நடத்தியதாகச் சொல்லும், சிம்மாசனம் போன்ற இரண்டு பாறைகள் இங்கேதான் இருக்கின்றன. வனவாசத்தில் இருந்த ராமனைப் பார்க்கக் கோதாவரித் தாய் பூமிக்கடியிலேயே யாருக்கும் தெரியாமல் வந்தாள் என்பது கதை. சந்நிதிகள் இருக்கின்றன, ஆனாலும் என்னைக் கேட்டால், காலை நனைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர்தான் அங்கே தேவி. சிலையைத் தேடி அவசரமாக ஓடுகிறவர்கள் அவளை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்!

நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறக்கும் கோதாவரியின் தண்ணீரா இது? வாய்ப்பில்லை. அது கிழக்கே ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. சித்திரகூடத்துத் தண்ணீர் யமுனைப் பக்கம் போவது. நடுவில் சாத்பூரா மலையும் நர்மதைப் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. இந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். அது விரிசல்களில் இறங்கி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகையாக்கிவிடும். ஓடை வெளியே வந்து சற்றுத் தூரத்தில் நிலத்துக்குள் மறைந்துவிடுவதும் சுண்ணாம்பு நாட்டில் சகஜம்தான். பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அமாவாசையைத் தவிருங்கள். அன்று சித்திரகூடத்தில் பெருங்கூட்டம், அந்தக் குறுகலான பாதையில் மூச்சு முட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் உள்ளே விடமாட்டார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். புடவையைவிடச் சுடிதார் வசதி. போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் முடித்துவிட்டால், அப்புறம் அதே நாளில் அனுசூயா ஆசிரமத்தையும் பார்த்துவிடலாம்.