வேலூரிலிருந்து போர் வரலாற்றாய்வாளர் ஆவது எப்படி?

வேலூரில் இளங்கலை வரலாறு படிக்கும் ஒருவர், போரையும் வெளியுறவுக் கொள்கையையும் ஆராயும் பேராசிரியராக வழி கேட்டிருக்கிறார். முதுகலை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு, முனைவர் பட்டம் என்பது தெரிந்த பாதைதான். ஆளை உருவாக்குவது ஆவணக் காப்பகத்தில் கழிக்கும் ஆண்டுகளே. வரலாற்றாய்வாளர் சர்வபள்ளி கோபால் (அவருடைய தந்தை, முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், நம் ஊரீசு கல்லூரியில் படித்தவர்) வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவை நடத்தி, ஆக்ஸ்போர்டில் கற்பித்து, பிறகே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அரசுக் கோப்புகளில் ஊறிய அந்தப் பழக்கம்தான் அவர் மூன்று தொகுதிகளாக எழுதிய நேரு வாழ்க்கை வரலாற்றுக்கு வலு.

நீங்கள் வேலூர்க் கோட்டையிலிருந்தே தொடங்குங்கள். புதிய தலைப்பாகையை எதிர்த்துக் குமுறிய கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10 விடியுமுன் கிளர்ந்தெழுந்ததையும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து அன்றே அடக்கியதையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ராணுவக் கோப்புகளில் தேடிப் படியுங்கள்.