தொட்டிக்கு ஏற்ற அளவில்தான் மீன் வளருமா?

கேள்வி: கொளத்தூரில் நாலு அங்குல சில்வர் அரோவானா குஞ்சு பார்த்தேன். "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளரும், மூணடி தொட்டி போதும்" என்கிறார் கடைக்காரர். எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. வாங்கலாமா?
- பெரம்பூர் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்வது உண்மையல்ல. சின்னத் தொட்டியில் கழிவு சேர்ந்து தண்ணீர் கெடும். மீனின் வளர்ச்சி குன்றும், முதுகெலும்பு வளையும், ஆயுள் முடியுமுன்பே செத்துப்போகும். சில்வர் அரோவானா அமேசான் படுகையின் மீன். நன்றாகப் பராமரித்தால் ஓராண்டுக்குள் ஒரு அடியைத் தாண்டிவிடும்; தொட்டியிலேயே இரண்டு, இரண்டரை அடி வரை போகும். பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

பலரும் தொட்டியின் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். உடம்பை நெளிக்காமல் மீன் திரும்புவதற்கு அகலம்தான் முக்கியம். குறைந்தது 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். அதில் சுமார் 850 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். இந்தத் தொட்டி நிற்கும் இடமோ 1.4 சதுர மீட்டர்தான். கட்டடப் பொறியாளர் வந்து பார்க்காமல் மாடியில் வைக்கவே கூடாது.

மீனின் விலை இதில் சின்னச் செலவு. 60 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகும். தமிழக வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற 200 லிட்டருக்கு மேல் வேண்டும். கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்பில் அது பெரிய விஷயம். காட்டில் கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடிக்கும் மீன் இது. மூடி கனமாக இல்லாவிட்டால் காலையில் தரையில்தான் கிடக்கும்.

வேட்டை மீன்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு ஆஸ்கர் மீன் வாங்குங்கள். ஒரு அடிதான் வளரும், 250 லிட்டர் பிடிக்கும் நாலடித் தொட்டி போதும். சாப்பாடு போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். யாராவது 'ஏசியன் அரோவானா' தருவதாகச் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் உள்ள மீன் அது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும்.

கேள்வி: வேட்டை மீனுக்கு உயிருள்ள கோல்டுஃபிஷ்தான் போட வேண்டுமா?
- திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம். மலிவான தீனி மீனோடு நோயும் தொட்டிக்குள் வந்துவிடும். கோல்டுஃபிஷ்ஷில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதியும் இருக்கிறது. பெல்லட் எனும் உருண்டைத் தீனியும் ஓடு நீக்கிய இறாலும் கொடுத்துப் பழக்குங்கள்.

கேள்வி: எங்கள் ரெட் டெயில் கேட்ஃபிஷ் இரண்டடி வளர்ந்துவிட்டது. விற்ற கடை திரும்ப எடுக்க மறுக்கிறது. ஏரியில் விட்டுவிடலாமா?
- மதுரை வாசகர்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். ஏரி, குளம், கிணறு எதிலும் வேண்டாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா வலையில் சிக்கியது. 2023-ல் ஸ்ரீநகர் தால் ஏரியில் 'அலிகேட்டர் கார்' என்ற முதலை வாய் கொண்ட அமெரிக்க மீன் பிடிபட்டது. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிப்பதற்கும் இப்படி விட்டது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் மீன் நாலடி வரை வளரக்கூடியது. பெரிய சிமென்ட் தொட்டி வைத்திருக்கும் பண்ணைக்காரர்களிடம் இலவசமாகக் கொடுங்கள். மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் யோசனை கேளுங்கள். என் கருத்தில் இந்த மீனையும் அலிகேட்டர் காரையும் வீட்டுக்கென்று விற்கவே கூடாது. வளர்ந்தால் எத்தனை அடி என்று தொட்டியில் எழுதி ஒட்டாமல் குஞ்சை விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

கேள்வி: தொட்டியும் இரண்டு ஆஸ்கரும் ஒரே நாளில் வாங்கினோம். மூன்றாம் நாள் இரண்டுமே செத்துவிட்டன. "உயிருள்ள பொருளுக்கு கேரண்டி இல்லை" என்கிறார்கள். புகார் செய்ய முடியுமா?
- சேலம் வாசகர்

பதில்: முடியும், ஆனால் நிரூபிப்பது கடினம். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை மாற்றும் பாக்டீரியா உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் விட்ட மீன் தன் கழிவிலேயே விஷமேறிச் சாகும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் கொல்லும். பெரும்பாலும் உங்கள் மீன்களுக்கும் இதுவே நடந்திருக்கும். ஆனாலும் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்ற கடை இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. செத்த மீனின் படம், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, பில் மூன்றையும் வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.