யாரையும் கட்டுப்படுத்தாத மாறுபட்ட தீர்ப்பைச் சட்ட அறிஞர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?
சக நீதிபதிகளின் பெரும்பான்மையோடு உடன்படாதவர் தனியாக எழுதும் சிறுபான்மைத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாதே, பிறகு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 1976-ல் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பைப் பாருங்கள். நெருக்கடி நிலையில் சிறையில் அடைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு, அதாவது தன்னைச் சட்டவிரோதமாக அடைத்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தை நாடும் மனு, போட முடியுமா என்பதுதான் வழக்கு. விசாரணையில் நீதிபதி எச்.ஆர்.கன்னா மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்று பதில் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். நான்கு நீதிபதிகள் அரசின் வாதத்தை ஏற்றார்கள், கன்னா மட்டும் மறுத்தார். அடுத்த ஆண்டே பணியில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார். அப்புறம் 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறு என்று தள்ளியது. அப்படி எழுதிய நீதிபதி டி.ஒய்.சந்திரசூட்டின் தந்தை, அந்த நால்வரில் ஒருவர்.