ஆயில் ஒழுகினால் இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: போடியிலிருந்து பூப்பாறை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் போய் வருகிறேன். வண்டி 2005 மாடல் ஸ்பிளெண்டர். நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஆயில் சொட்டுகிறது, இன்ஜின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். மேலே ஒரு மெக்கானிக், "இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும், 9,000 ரூபாய் ஆகும்" என்கிறார். போடியில் இன்னொருவர், "ஆயில் சீல் மாத்தினாப் போதும்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரில் யாராவது இன்ஜினைக் கழுவிவிட்டுப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கழுவாமல் சொன்ன எதையும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டு வீட்டு ஒழுகல் போலத்தான் இதுவும்: ஓட்டை ஓரிடம், சொட்டுவது வேறிடம். ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரம் எந்த இடத்தில் உயரமாகவும் முன்பக்கமாகவும் தொடங்குகிறது என்று தேட வேண்டும்.

இன்ஜின் நன்றாக ஆறியபின் டீசலும் பிரஷும் கொண்டு அழுக்கு முழுவதையும் எடுங்கள். டீசல் பிரேக் டிரம்மிலோ டயரிலோ படக் கூடாது. துடைத்துக் காய்ந்ததும் கவர்கள் சேரும் இடங்கள், கிக்கர் தண்டு, கியர் தண்டு, இன்ஜின் தலையிலுள்ள டேப்பட் மூடிகள், அடியில் பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் நட்டு எல்லாவற்றிலும் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். மழையில்லாத நாளில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பவுடரில் முதலில் எங்கே கறை படிகிறதோ அதுதான் இடம்.

கறை வலப்பக்கம் கிக்கர் தண்டைச் சுற்றி என்றால் கிக்கர் சீல். இடப்பக்கம் கியர் தண்டில் என்றால் அதன் சீல். செயின் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் என்றால் அந்தத் தண்டின் சீல். செயினுக்கு விட்ட ஆயில் தெறித்தும் அங்கே ஈரமாகும், அதனால் ஸ்பிராக்கெட் கவரைக் கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இவை தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல்கள், வயதானால் இறுகிப்போகும். இவற்றை மாற்ற இன்ஜினை இறக்கத் தேவையில்லை. சைடு கவர் ஓரத்தில் கசிந்தால் பேக்கிங் (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தாள்), டேப்பட் மூடியில் கசிந்தால் ரப்பர் வளையம், ட்ரெயின் நட்டில் கசிந்தால் வாஷர். அந்த நட்டை மட்டும் வெறிகொண்டு முறுக்க விடாதீர்கள். அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு வேறு கணக்காகிவிடும்.

பேக்கிங் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பேக்கிங்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கவர் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே மறுபடி ஒழுகும். புதுப் பேக்கிங் போடாமல் அனபாண்ட் என்ற ஒட்டுப் பசையை அள்ளிப் பூசுவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் வழியை அடைத்தால் இன்ஜினே போய்விடும்.

பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிகிறது என்றால் சீல்களைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆயில் அளவு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் திருகாமல் உள்ளே விட்டு அளக்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அதிகப்படியே கசிவுக்குக் காரணமாகலாம். இன்னொன்று, இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய். அது அடைத்தாலோ மடங்கினாலோ உள்ளே அழுத்தம் ஏறி எல்லா இணைப்பிலும் ஆயிலைத் தள்ளும். போடிமெட்டு ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரிலேயே இழுக்கும்போது சூட்டில் ஆயில் இளகும்; கீழே வெறும் கசிவாக இருப்பது மேலே போனதும் சொட்டாகும்.

இன்ஜினைப் பிரிக்கச் சொல்வது நியாயமான நேரமும் உண்டு. சைலன்சரில் நீலப் புகை, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று பலமாகக் காற்று, இரண்டும் சேர்ந்திருந்தால் பிஸ்டன் ரிங்கும் பிஸ்டன் ஓடும் போரும் தேய்ந்திருக்கும். இன்ஜின் கூட்டின் இரண்டு பாதியும் சேரும் நடு இணைப்பில் கசிந்தாலும் இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த அறிகுறி இல்லையென்றால் போடிக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பிராக்கெட் பக்கத்துக் கசிவு பின் டயருக்குப் போனால் கொண்டை ஊசி வளைவில் வண்டி வழுக்கிவிடும்.

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். குமுளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பணம் கொடுத்து ஆயில் ஒழுகலைச் சரிசெய்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் மறுபடி ஒழுகுகிறது. கடை கேரளாவில் இருப்பதால் புகார் கொடுக்க இடுக்கிக்குப் போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மறுத்தால் எழுத்தில் ஒரு கடிதம், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்குப் பிறகுதான் ஆணையம். பில் இல்லாமல் நிரூபிப்பது கஷ்டம். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். இனி எந்த வேலை கொடுத்தாலும் கழற்றிய பழைய சீலையும் பேக்கிங்கையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கேரளப் பதிவுள்ள பழைய பைக் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: விற்பதற்கு முன் கழுவிய இன்ஜினைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வண்டி வழக்கமாக நிற்கும் தரையைப் பாருங்கள். ஏற்றத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்ஜின் அடியில் கைவிட்டுப் பாருங்கள். கவர் ஓரங்களில் அனபாண்ட் பிதுங்கியிருந்தால் யாரோ கசிவை மூடியிருக்கிறார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்த ஊர் ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், சாலை வரியும் உண்டு. 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று ஆர்சியில் பார்த்துக்கொள்ளுங்கள்.