பேக்கப் சந்தா கட்டலாமா, ஷெல் ஸ்கிரிப்டே போதுமா?

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். பில்லிங், ஸ்டாக் எல்லாம் ஓர் உபுண்டு கணினியில், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது. சுமார் 6 ஜிபி. மென்பொருள் போட்டுக்கொடுத்தவர் தினசரி பேக்கப்புக்கு ஆண்டுச் சந்தா கேட்கிறார். தம்பி மகன் ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் கோப்பு) எழுதித் தருகிறேன் என்கிறான். எதை நம்புவது?

பதில்: 6 ஜிபிக்கு ஸ்கிரிப்ட் தாராளமாகப் போதும். சந்தா கட்டினாலும் சொந்தமாகச் செய்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாளைக் காலை அந்தக் கணினி எரிந்துபோனால், பில் போட எத்தனை மணிக்கு உட்காரலாம், யார் உட்கார வைப்பார்? இதற்கு நேரான பதில் தராதவருக்குப் பணம் தர வேண்டாம்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே டார் போட்டு (ஒரே கோப்பாகக் கட்டி) நகலெடுக்கக் கூடாது. பாதி எழுதிய நிலையில் மாட்டிய நகல் திறக்காமலே போகலாம். டேட்டாபேஸ் முழுவதையும் ஓர் உரைக் கோப்பாக (டம்ப்) எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையை ‘சிங்கிள்-டிரான்சாக்ஷன்’ தெரிவுடன் ஓட்டினால், கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரே கணத்தின் முழு நிலை கிடைக்கும். மைஎஸ்க்யூஎல் அட்டவணைகளைச் சேமிக்கும் முறைகளில் இன்னோடிபி வகைக்கு மட்டுமே இது பொருந்தும். பழைய மென்பொருள்களில் மைஐசாம் என்ற பழைய வகை அட்டவணை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்களும் நேரம் வைத்து ஓடும் வேலைகளும் நகலில் வர, ‘ரொட்டீன்ஸ்’, ‘ஈவென்ட்ஸ்’ தெரிவுகளையும் சேர்க்கச் சொல்லுங்கள். டிரிகர்கள் (பதிவு மாறும்போது தானே ஓடும் நிரல்கள்) தானாக வரும், இவை இரண்டும் கேட்டால்தான் வரும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், 600 அனுமதி வைத்த (உரியவர் மட்டுமே படிக்கக்கூடிய) தனி அமைப்புக் கோப்பில் வைக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது அடுத்த படியில். டம்பை பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தள்ளும் வழி) சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பும்போது, டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வென்றுவிடும். ஸ்கிரிப்டும் ‘வெற்றி’ என்றே சொல்லும். கோப்பு தினமும் தேதியோடு வந்துகொண்டிருக்கும், அளவு மட்டும் 20 பைட். உள்ளே ஒன்றுமே இருக்காது. பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ அமைப்பைப் போட்டால் இந்தத் தோல்வி வெளியே தெரியும். கூடவே, டம்ப் முழுதாக முடிந்தால் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று இருக்கும். அந்த வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்க வேண்டும். 14 நாளைக்கு முந்தைய கோப்புகளை நீக்கும் வேலை இந்தச் சோதனை தேறிய பிறகே ஓட வேண்டும். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் நல்ல நகல்கள் போய், காலிக் கோப்புகள் மட்டும் மிஞ்சும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடவில்லை என்றால் முதலில் கிரான் வரியில் சதவீதக் குறி இருக்கிறதா பாருங்கள். தேதி போட அந்தக் குறி வேண்டும், கிரானோ அதைப் புதுவரி என்று எடுத்துக்கொள்ளும். தேதியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் தீர்ந்தது.

வாங்க வேண்டியது: 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு. வாரம் ஒன்றாக மாற்றி, மற்றதை வீட்டில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். ஈஎக்ஸ்டி4 வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா (கணினியோடு இணைந்திருக்கிறதா) என்று ஸ்கிரிப்ட் பார்க்கவில்லை என்றால், டிஸ்க் இல்லாத நாளில் பேக்கப் கணினிக்குள்ளேயே விழுந்து இடத்தை நிரப்பிவிடும்.

மாதம் ஒரு முறை, வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, நேற்றைய கடைசி பில் எண் வருகிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) எல்லாம் மறுபடி கட்டப்படுவதால், எடுத்த நேரத்தைவிட ஏற்றும் நேரம் அதிகமாகும். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், முதலில் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை.

கேள்வி: ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறதாம். தனியாக வேண்டுமா?

பதில்: வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தது. அவர்களுடைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, அதற்கு டம்ப் எடுக்கும் பிஜி டம்ப் கருவியோ பழைய 9.2 பதிப்பாக ஓடியதால் தினசரி பேக்கப் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்தக் கணத்தின் நகல்) காப்பாற்றியது. அனுபவமுள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை. ஹோஸ்டிங்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை நாள் நகல், அது அதே சர்வரிலா வேறிடத்திலா, ஒரு டேட்டாபேஸை மட்டும் மீட்க முடியுமா, ரீஸ்டோருக்குத் தனிக் கட்டணமா, கணக்கு முடக்கப்பட்டால் நகல் என் கைக்கு வருமா. கடைசிக் கேள்விக்கு ‘வரும்’ என்று எழுதித் தராவிட்டால், ஒரு நகலை நீங்களே தினமும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புது சர்வருக்கு மாற்றியதும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. பணம் வாங்கிக்கொண்டு சரிசெய்கிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: பணம் தருமுன் டம்ப் கோப்பை, சுருக்கிய கோப்பைப் படிக்கும் இசட்கேட் கட்டளையில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் பழுது ஏற்றியதில்தான். டேட்டாபேஸை யுடிஎஃப்8எம்பி4 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் எழுத்துக்குறி முறை) என்று உருவாக்கி, ஏற்றும்போதும் அதே எழுத்துக்குறியைக் கொடுத்தால் வந்துவிடும். டம்பிலேயே கேள்விக்குறி என்றால் அந்தக் கோப்பிலிருந்து எவராலும் எழுத்தை மீட்க முடியாது. பழைய சர்வரை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4 தெரிவுடன் மறுபடி டம்ப் எடுங்கள்.